வானத்துத் தூரமும் மலையகத்துத் தூரமும்

டித்வா சூறாவளி 2025 நவம்பர் மாத இறுதியில் இலங்கையை ஊடறுத்துச் சென்றபோது அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஏற்பட்ட மண்சரிவுகள் குடும்பம் குடும்பமாக மக்களை மூடின. இழப்பின் முழுப் பரிமாணமும் வெளித்தெரிவதற்கு முன்னரே, நவம்பர் 29 ஆம் திகதி இந்திய விமானப்படையின் நிவாரண விமானங்கள் கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டன. அதனைத் தொடர்ந்து வேறு பல நாடுகளின் விமானங்களும் வந்து சேர்ந்தன. டில்லிப் பகுதியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர் தூரம். ஒரு சரக்கு விமானம் அதனை நான்கு மணித்தியாலமளவில் கடந்துவிடும். ஆனால், கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீற்றரளவிலேயே உள்ள மலையகத்தின் பல தோட்டங்களுக்கு அந்த நிவாரணம் சென்றடைவதற்கு நாட்கள் பல பிடித்தன. வீதிகள் துண்டிக்கப்பட்டிருந்தன. மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்துபோயிருந்தது. ஹெலிகொப்டர்கள் சென்ற இடங்களுக்கு உதவி சென்றது. செல்லாத இடங்களில் மக்கள் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர்.

இந்த முரண்பாட்டை இயற்கை அனர்த்தத்தின் தவிர்க்க முடியாத ஒரு விளைவென்று கூறி நாம் கடந்து செல்லலாகாது. தொலைவிலுள்ள இரு விமான நிலையங்களுக்கிடையிலான தூரத்தையும் பயண நேரத்தையும் இன்று எவரும் நிமிடக் கணக்கில் கூறிவிட முடியும். விமான நிலையத்துக்கும் ஒரு தோட்டத்து லயனுக்கும் இடையிலான தூரத்தை அவ்வாறு கூற முடிவதில்லை. வானத்தில் தூரத்தை அளப்பதற்கும், அளவு பிழைத்தால் எச்சரிப்பதற்கும் உலகம் பெரும் முதலீட்டைச் செய்திருக்கிறது. தரையில், அதிலும் மலையகத்தில், அம்முதலீடு இடம்பெறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளியே இன்று நாம் ஆராய வேண்டிய விடயமாகும்.

வட்டவளையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவிசாவளை - ஹற்றன் - நுவரெலியா வீதியில் கினிகத்தேனைக்கும் ஹற்றனுக்கும் இடையே அமைந்துள்ள இவ்வூரின் பெயர், தேயிலைப் பொதிகளின் வாயிலாக நாட்டின் மூலைமுடுக்கெங்கும் அறிமுகமானது. இலங்கையில் மிக அதிக மழை பெய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றரளவில் இங்கு மழை பெய்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் வட்டவளை ரயில் நிலையம் இருக்கிறது. இங்கிருந்து கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 75 கிலோமீற்றர் தொலைவில்தான் உள்ளது. ஒரு பயணிகள் விமானம் உச்ச வேகத்தில் பறக்கும்போது ஐந்து அல்லது ஆறு நிமிடங்களில் கடக்கும் தூரம் அது. வீதி வழியாகவோ அது நூறு கிலோமீற்றரைத் தாண்டிவிடும். கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை என வளைந்து வளைந்து இறங்கும் வீதியில், மழையும் மண்சரிவும் இல்லாத நாளிலும் நான்கு மணித்தியாலங்களை ஒதுக்கிக்கொண்டே விமானப் பயணி ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் ஏறத்தாழ 3,300 கிலோமீற்றர். அதற்கான விமானப் பயண நேரம் நான்கரை மணித்தியாலமளவு. அதாவது, வட்டவளையிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்வதற்கும் விமான நிலையத்திலிருந்து அரபு நாடொன்றுக்குச் செல்வதற்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம் தேவைப்படுகிறது.

விமானப் பயணத் தூரம் பற்றிச் சில விளக்கங்களை இங்கு கூறுவது பொருத்தமானது. பூமி உருண்டையானது என்பதால், தட்டையான வரைபடத்தில் நாம் கீறும் நேர்கோடு இரு நகரங்களுக்கிடையிலான மிகக் குறுகிய வழியாக அமைவதில்லை. உருண்டையின் மேற்பரப்பில் வளைந்து செல்லும் வழியே மிகக் குறுகியது. நீண்ட தூர விமானங்கள் இயன்றவரை அவ்வழியையே பின்பற்றுகின்றன. அத்துடன், கால அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் ஆகாயத்தில் பறக்கும் நேரம் மாத்திரமன்று. விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுமுனையில் தரித்து நிற்பது வரையிலான நேரமே அங்கு கணக்கிடப்படுகிறது. காற்றின் திசையும் இதில் செல்வாக்குச் செலுத்துகிறது. ஆகையினாலேயே ஒரே வழியில் போவதற்கு ஒரு நேரமும் திரும்பி வருவதற்கு இன்னொரு நேரமும் குறிக்கப்படுகின்றன. இத்தனை காரணிகளையும் முன்கூட்டியே கணித்து, எட்டாயிரம் கிலோமீற்றர் பயணத்தின் முடிவைச் சில நிமிடங்களுக்குள் அடக்கிச் சொல்லும் ஆற்றலை விமானத்துறை இன்று பெற்றிருக்கிறது.

இந்த ஆற்றல் இலவசமாகக் கிடைத்ததொன்றல்ல. அதற்காகக் கொடுக்கப்பட்ட விலையின் ஒரு பகுதி, வட்டவளையிலிருந்து நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்ட சப்த கன்னியர் மலைத்தொடரில் செலுத்தப்பட்டது என்பதை இன்றைய தலைமுறையினருள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலுள்ள சுரபாயா விமான நிலையத்திலிருந்து ஜெத்தாவை நோக்கி மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 ரக விமானமொன்று புறப்பட்டது. அதில் ஹஜ் கடமையை நிறைவேற்றச் சென்றுகொண்டிருந்த 182 யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும் இருந்தனர். யாத்திரிகர்கள் ப்ளித்தார், லமொங்கான் ஆகிய பிரதேசங்களைச் சேர்ந்தவர்கள். சுரபாயாவுக்கும் ஜெத்தாவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 8,600 கிலோமீற்றர். எரிபொருளுக்காக இடையில் கட்டுநாயக்கவில் தரித்துச் செல்வது ஏற்பாடு. சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க வரை சுமார் 4,000 கிலோமீற்றர்; அக்கால ஜெட் விமானத்துக்கு அது ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த பயணம். இலங்கை நேரப்படி இரவு 10 மணியைக் கடந்த வேளையில், கட்டுநாயக்க கட்டுப்பாட்டு நிலையத்துடன் தொடர்பிலிருந்தவாறு, படிப்படியாக உயரத்தைக் குறைத்துக்கொண்டு விமானம் இறங்கத் தொடங்கியது. தாம் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாகவே விமானிகள் எண்ணியிருந்தனர். உண்மையில் அவர்கள் அப்போது அங்கிருந்து 40 கடல் மைல், அதாவது சுமார் 74 கிலோமீற்றர் கிழக்கே, மத்திய மலைநாட்டின் மேல் இருந்தனர். 4,355 அடி உயரத்தில் விமானம் மலையில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் மிகப் பெரியது இதுவேயாகும்.

விபத்து பற்றிய விசாரணையின் முடிவு தெளிவானது. விமான நிலையத்துடன் ஒப்பிடுகையில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் தவறாக அடையாளம் கண்டமையினால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானம் இறக்கப்பட்டது என்றும், விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடரையும் நம்பியிருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடமளித்தது என்றும் அவ்விசாரணை கருதியது. டொப்ளர் கருவியானது தரையிலிருந்து எதிரொலித்து வரும் அலைகளைக் கொண்டு விமானத்தின் வேகத்தையும் விலகலையும் கணித்து, அதுவரை கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே செல்வது. ஒவ்வொரு கணமும் ஏற்படும் சிறிய பிழையும் அவ்வாறே கூடிக்கொண்டு செல்லும். கீழே அசையாத நிலம் இல்லாமல் மணித்தியாலக் கணக்கில் கடலே விரிந்திருக்கும்போது பிழைக்கான வாய்ப்பு மேலும் அதிகமாகும். நாலாயிரம் கிலோமீற்றர் பயணத்தில் எழுபத்துநான்கு கிலோமீற்றர் என்பது நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கும் குறைவான வேறுபாடு. சாதாரண கணக்குகளில் நாம் பொருட்படுத்தாது விட்டுவிடக்கூடிய அளவு. அந்த அளவுக்குள் ஒரு மலைநாடு முழுவதும் அடங்கியிருந்தது.

இறந்தவர்களுள் பெரும்பாலானோர் தாம் பிறந்த மண்ணையும் மீண்டும் காணாமல், தாம் நாடிச் சென்ற புனித பூமியையும் அடையாமல், அம்மலையடிவாரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். நோர்ட்டன் பிரிஜ் நகரில் அவர்களது நினைவுச் சின்னம் இருக்கிறது. விமானத்தின் டயர் ஒன்றும் அங்கே பேணப்பட்டு வந்திருக்கிறது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1978 நவம்பர் 15 ஆம் திகதி, ஹஜ் கடமையை முடித்துக்கொண்டு ஜெத்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டிசி-8 விமானம் கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுவதற்குச் சற்று முன்னர் தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 183 பேர் உயிரிழந்தனர். ஒரே வான்வழியில், ஒரே தரிப்பிடத்தை அடையும் முயற்சியில், நான்கு ஆண்டுகளுக்குள் 374 பேரின் உயிர்கள் பறிபோயின.

சப்த கன்னியர் மலைத்தொடர் சிவனொளிபாத மலைக்கு அண்மையில் அமைந்திருப்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும். இந்து மக்கள் சிவனொளிபாதம் என்றும், பௌத்தர்கள் ஸ்ரீ பாத என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் அம்மலை, பன்னெடுங்காலமாகக் கடலோடிகளுக்குத் தூரத்தை அறிவித்து வந்தது. கரையே கண்ணுக்குத் தெரியாத தொலைவில் அதன் கூரிய சிகரத்தைக் கண்டு இலங்கை அண்மித்துவிட்டதை அரபு மாலுமிகள் அறிந்துகொண்டனர். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அம்மலையில் ஏறியதைத் தமது பயணக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். பகலில் கண்ணால் கண்டு பயணம் செய்த காலத்தில் வழிகாட்டியாக விளங்கிய மலைநாடு, இரவில் கருவியை மாத்திரம் நம்பிப் பயணம் செய்த காலத்தில் யாத்திரிகர்களின் மரணபூமியாக மாறியது வரலாற்றின் துயரமாகும்.

ஆனால் அத்துயரத்திலிருந்து உலகம் பாடம் கற்றுக்கொண்டது. சப்த கன்னியர் விபத்துக்கு மூன்று நாட்கள் முன்னர், 1974 டிசம்பர் 1 ஆம் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பயணிகள் விமானமொன்று இதே விதமாக, நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, மலையில் மோதியது. 92 பேர் மாண்டனர். அதனையடுத்து, தரை நெருங்குவதை விமானிக்கு ஒலியெழுப்பி எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் அனைத்திலும் பொருத்த வேண்டுமென்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவிட்டது. ஏனைய நாடுகளும் பின்னர் அதனைப் பின்பற்றின. ஆரம்பகாலக் கருவிகள் விமானத்துக்கு நேர் கீழே உள்ள நிலத்தின் உயரத்தை மாத்திரமே அளந்தன. எதிரே எழுந்து நிற்கும் செங்குத்தான மலையை அவை பிந்தியே உணர்ந்தன. 1990களில் உலகின் நில அமைப்பு முழுவதையும் நினைவகத்தில் கொண்ட புதிய கருவிகள் வந்தன. செய்மதி வழியாகத் தன் இருப்பிடத்தை அறிந்து, முன்னால் இருக்கும் மலையைப் போதிய நேரத்துக்கு முன்னரே விமானிக்கு அறிவிக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. மலையைக் காணாது மோதும் விபத்துக்கள் இதன் பயனாக உலகெங்கும் பெருமளவு குறைந்தன.

இந்த வரலாற்றிலிருந்து நாம் வந்தடைய வேண்டிய கேள்வி இதுதான்: மலையை நெருங்கும் விமானத்துக்கு எச்சரிக்கை ஒலி கிடைத்துவிட்டது, மலையிலேயே வாழும் மனிதனுக்கு அது கிடைத்துவிட்டதா?

டித்வா சூறாவளியின்போது எழுந்த விமர்சனங்கள் இதற்கு விடையளிக்கின்றன. அனர்த்த முன்னெச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழ் மொழியில் கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக முன்வைக்கப்பட்டது. மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. அந்த அறிவித்தல் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவிலுள்ள லயனை இரவு பதினொரு மணிக்குச் சென்றடைய வேண்டுமாயின் பல கைகள் மாற வேண்டியிருக்கிறது. வட்டவளை அடங்கியுள்ள அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவின் சனத்தொகை 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளில் இதே அளவு சனத்தொகைக்குப் பல பிரதேச செயலகங்கள் சேவையாற்றுகின்றன. அலுவலகம் தொலைவில் இருந்தால் எச்சரிக்கையும் தொலைவில் இருக்கும். நிவாரணமும் தொலைவில் இருக்கும். மேலும், எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே செல்வது என்ற கேள்விக்கு லயன் வாசியிடம் பதில் இல்லை. சொந்தமாக நிலமில்லாதவனுக்குப் பாதுகாப்பான வேறு நிலம் எங்கிருந்து கிடைக்கும்?

மலைச்சரிவின் அசைவைத் தடுக்க முடியாது என்று கூறுவாருமுளர். இதே வட்டவளையே அதற்கு மறுமொழி கூறும். 1990களின் முற்பகுதியில் வட்டவளைப் பகுதியில் நிலம் சரிந்து மலையக ரயில் சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. பொறியியலாளர்கள் சரிவின் உட்பகுதியில் தேங்கிய நிலத்தடி நீரை வடித்து வெளியேற்றும் வழியைக் கையாண்டு அந்நிலத்தை நிலைப்படுத்தினர். முறை அறியப்பட்டதே. ரயில் பாதை ஒன்றுக்காகச் செய்யப்பட்டதை, அதன் இருமருங்கிலும் வாழும் மனிதர்களின் குடியிருப்புகளுக்காகச் செய்ய முடியாமைக்குத் தொழில்நுட்பத்தின்மீது பழி போட முடியாது.

மலையக மக்களுக்கும் தூரத்துக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய அவர்களது மூதாதையர் காட்டு வழியே கால்நடையாகவே மாத்தளைக்கு வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மடிந்தோர் ஏராளம். அந்த வருகையின் இருநூறாவது ஆண்டினை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம், ஓகஸ்ட் நடுப்பகுதியில்தான் மாத்தளையை அடைந்தது. தூரம் இருநூற்றைம்பது கிலோமீற்றரளவு. பின்னர் 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அதே மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை மறுதிசையில் அனுப்பத் தீர்மானித்தது. சப்த கன்னியர் மலையில் யாத்திரிகர் மாண்ட அதே 1974 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் பேரையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஹற்றனிலும் நாவலப்பிட்டியிலும் ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்தை அடைந்தவர்களின் உறவுகள் இன்று நீலகிரியிலும் திருச்சியிலும் வாழ்கின்றன. அந்தக் கப்பல் சேவையும் 1984 இல் நின்றுபோனது.

இன்று கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானத் தூரம் சுமார் 420 கிலோமீற்றர். பயணம் ஒரு மணித்தியாலமளவு. பலாலியிலிருந்து திருச்சிக்கு இன்னும் குறைவு. நேர்கோட்டில் 185 கிலோமீற்றர் வரையே. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமானதும், 2025 மார்ச் இறுதியில் திருச்சிச் சேவை தொடங்கியதும் வட பகுதி மக்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தன. அதனை நாம் மனதார வரவேற்றோம். ஆனால் தாயின் மரணச் செய்தி கேட்டுத் திருச்சிக்குப் புறப்படும் வட்டவளை வாசிக்கு, கடலைக் கடக்க ஒரு மணித்தியாலமும் கட்டுநாயக்கவை அடைய நான்கு மணித்தியாலமும் என்பதே இன்னமும் நிலைமையாக இருக்கிறது.

தொழில் தேடி மத்திய கிழக்குக்குச் செல்லும் பெண்களின் நிலை இதனிலும் கடினமானது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும், மலையகத்துச் சிறு நகரங்களிலும் கிழக்கிலும் வாழும் முஸ்லிம் பெண்களும் ஒரே விமானத்தில் ஒரே நோக்கத்துடன் பயணம் செய்கின்றனர். ரியாத்துக்கும் குவைத்துக்கும் நாலாயிரம் கிலோமீற்றரளவு. ஐந்து, ஐந்தரை மணித்தியாலப் பயணம். போகும் வழி இவ்வளவு குறுகியதாக இருக்கையில், நெருக்கடி நேர்ந்தால் திரும்பும் வழி எவ்வளவு நீண்டது என்பதை மூதூர் ரிஸானா நபீக்கின் வழக்கு எமக்கு உணர்த்தியது. 2005 ஆம் ஆண்டில் வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவுக்குச் சென்ற அந்த ஏழைப் பெண், அவரது பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணம் தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2007 இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9 ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டு உயிரிழந்தார். அவரது வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவரின் தகைமையே கேள்விக்குள்ளானது. தன் மொழியில் தன்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் உரிய நேரத்தில் அருகில் இல்லாமையே அங்கு தூரமாக அமைந்தது. டித்வாவின்போது தமிழில் எச்சரிக்கை கிடைக்காத லயன் வாசிக்கும் சவூதி அரேபியாவின் சிறைக்கூடத்திலிருந்த ரிஸானாவுக்கும் நேர்ந்தது அடிப்படையில் ஒன்றேயாகும்.

அவ்வாறாயின் மலையகத்துக்கு ஒரு விமான நிலையம் வேண்டுமா? இவ்வினாவை உணர்ச்சிவசப்படாது அணுக வேண்டும். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தல விமான நிலையத்துக்கு இருபது கோடி அமெரிக்க டொலருக்கு மேல் செலவிடப்பட்டது. பயணிகள் இல்லாத விமான நிலையத்துக்கு அது உலகளாவிய உதாரணமாகியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நீரிலிறங்கும் சிறு விமானங்கள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்ததுண்டு. கொழும்பிலிருந்து அவ்விமானங்கள் எடுத்த நேரம் அரை மணித்தியாலமளவே. ஆனால் அவற்றின் கட்டணம் கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் எட்டாக்கனி. மலையகத்தின் நிலவமைப்பும் முகில் மூட்டமும் பெரிய ஓடுபாதையொன்றுக்கு உகந்தவையல்ல என்பதைச் சப்த கன்னியர் மலைகளைவிட வேறு எவரும் நமக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆகவே ஓடுபாதை கேட்பது மலையகத்தின் உண்மையான தேவையைத் திசைதிருப்புவதாகவே முடியும்.

2017 மே 12 ஆம் திகதி நிகழ்ந்தவை இதற்கு நல்லதோர் அளவுகோல். அன்று இலங்கைக்கு வந்திருந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, கொழும்பில் நடைபெற்ற வெசாக் வைபவத்தில் கொழும்புக்கும் வாரணாசிக்கும் இடையே நேரடி விமான சேவை தொடங்கப்படும் என்று அறிவித்தார். அன்றைய தினமே டிக்கோயாவில் 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்துவைத்து, நோர்வூட் கூட்டத்தில் அவசர அம்புலன்ஸ் சேவை நாடு முழுவதற்கும் விஸ்தரிக்கப்படும் என்றும், தோட்டங்களில் மேலும் 10,000 வீடுகள் கட்டப்படும் என்றும் கூறினார். விமான சேவைகள் பயணிகளின் தொகையைப் பொறுத்துத் தொடங்கும், நிற்கும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை வட்டவளையிலிருந்து டிக்கோயாவுக்கு எடுத்துச் செல்லும் அம்புலன்ஸ் வண்டி குறைத்த தூரமோ ஒவ்வொரு நாளும் பயன் தருவது. எந்தத் தூரத்தைக் குறைப்பதற்கு முதலில் பணத்தைச் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

ஆகவே, அரசாங்கத்திடமும் மலையகப் பிரதிநிதிகளிடமும் சில விடயங்களை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். அவிசாவளை - ஹற்றன் வீதியின் மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளை, சரிந்த பின்னர் மண்ணை அள்ளும் பழக்கத்தைக் கைவிட்டு, நீர்வடிப்பும் தாங்குசுவரும் அமைத்து முன்கூட்டியே நிலைப்படுத்த வேண்டும். மலையக ரயில் பாதையைச் சுற்றுலாப் பயணிகளின் புகைப்படப் பாதையாக மாத்திரம் கருதாது, வீதி மூடப்படும்போது மக்களின் மாற்று வழியாகக் கொண்டு அதன் பராமரிப்புக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும். ஹற்றன், நோர்வூட், தலவாக்கலை போன்ற இடங்களில் ஹெலிகொப்டர் இறங்கு தளங்களும், உணவும் மருந்தும் இருப்பு வைக்கப்பட்ட களஞ்சியங்களும் மழைக்காலத்துக்கு முன்னரே ஆயத்தமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு உதவி கட்டுநாயக்கவில் இறங்கும்போது, அது சென்றடைய வேண்டிய இடத்தில் முதல் மூன்று நாட்களுக்கான உதவி ஏற்கெனவே இருப்பதுவே சரியான ஏற்பாடாகும்.

மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் வெளியாகும் அதே நிமிடத்தில் தமிழிலும் வெளியாக வேண்டும். அது சலுகையன்று, அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. கோயில் ஒலிபெருக்கியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் அந்த எச்சரிக்கையை எடுத்துச் செல்லும் சாதனங்களாகப் பயன்படலாம். ஹற்றனிலும் கினிகத்தேனையிலும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். மழை அவர்களை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அனைத்துக்கும் மேலாக, பாதுகாப்பான நிலத்தில் காணியுரிமையுடன் கூடிய தனிவீடு என்ற நெடுநாள் கோரிக்கை, இனிமேல் உரிமைக் கோரிக்கை என்பதுடன் உயிர்காப்புக் கோரிக்கையும் ஆகும். எச்சரிக்கை ஒலித்தபின் ஓடுவதற்கு ஓர் இடம் இல்லையெனில் எச்சரிக்கையால் பயனில்லை.

சப்த கன்னியர் மலையில் மாண்ட 191 பேரின் நினைவிடங்கள் முறையாகப் பேணப்படுவதும், அவ்விபத்தின் வரலாறு மலையகப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கூறப்படுவதும் அவசியமென நாம் கருதுகின்றோம். 2024 டிசம்பர் 4 ஆம் திகதியுடன் அதற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்றன. கண்காணாத தேசத்து யாத்திரிகர்களின் மரணத்தை உலகம் வீணாக விடவில்லை. எழுபத்துநான்கு கிலோமீற்றர் பிழைத்துப்போனதன் காரணத்தைத் தேடிக் கண்டு, அப்பிழை மீண்டும் நேராதிருக்கக் கருவிகளையும் சட்டங்களையும் உருவாக்கியது. டித்வாவில் புதையுண்டவர்களின் மரணம் குறித்தும் அதே தேடலும் அதே முடிவுகளும் நமக்கு வேண்டும். எங்கே எச்சரிக்கை தடைப்பட்டது, எந்த வீதி ஏன் துண்டிக்கப்பட்டது, எந்தத் தோட்டத்துக்கு எத்தனை நாள் கழித்து உதவி சென்றது என்பன ஆராயப்பட்டு, அவ்வறிக்கை மும்மொழிகளிலும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்னர் அது நடந்தேறுமா என்பதே வட்டவளையின் லயன்களில் வாழ்பவர்கள் இன்று அரசாங்கத்திடம் கேட்கும் கேள்வியாகும்.